ஒரு பிளேயர், மூன்று கணினிகள்: பாடல்களையும் குரல்களையும் இழக்காமல் மாற்றுவது எப்படி?

ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம் பரந்தன். 2009ஆம் ஆண்டின் முதல் இரண்டு நாட்களில் பரந்தனும் கிளிநொச்சி நகரும் இராணுவத்தின் வசமாயின. அதற்கு முன்னரே இந்தப் பகுதி மக்கள் முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சுமை குறைந்துகொண்டே போனது. தளபாடம், தையல் மெசின், சைக்கிள், புகைப்பட அல்பம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. சட்டைப் பைக்குள்ளும் கைப்பைக்குள்ளும் அடங்கிய சில பொருள்கள் மட்டும் சிலருடன் கடைசிவரை வந்தன. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை ஆகியவற்றோடு சில குடும்பங்களிடம் ஒரு சிறிய எம்பி3 பிளேயரோ மெமரி காட்டோ இருந்தது.

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்படும்வரை வெளிநாடுகளிலிருந்து வந்துபோன உறவினர்கள் கொண்டுவந்த பொருள்களில் இத்தகைய பிளேயர்களும் அடங்கும். போருக்குப் பின்னர் மீள்குடியேறியபோது கைத்தொலைபேசிகள் வந்தன. பாட்டுக் கேட்பதும் அதற்கே மாறிவிட்டது. பழைய பிளேயர் அலுமாரித் தட்டில் கிடக்கிறது. அதன் பற்றரி இறந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இருப்பதை வெளியே எடுக்கவேண்டும் என்ற எண்ணம் இப்போதுதான் பல வீடுகளில் வருகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிளேயர் பரந்தனில் இருக்கிறது. வீட்டில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளையின் மடிக்கணினி இருக்கிறது. வவுனியாவில் இருக்கும் மகளிடம் ஒரு கணினி. ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் இன்னொன்று. மூன்று பேருக்கும் அதே பாடல்கள் வேண்டும். இது சுலபமான வேலைபோலத்தான் தெரியும். ஆனால் தவறான ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாமே அழிந்துபோகக்கூடிய வேலையும் இதுதான்.

பாட்டும் குரலும் ஒன்றல்ல

முதலில் பிளேயருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சினிமாப் பாடல், பக்திப் பாடல் போன்றவை தொலைந்தாலும் பெரும்பாலும் வேறோர் இடத்தில் மீண்டும் கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பல பிளேயர்களில் சிறிய ஒலிவாங்கி ஒன்றும் இருந்தது. அதில் பிள்ளையின் மழலைப் பேச்சு, அம்மம்மாவின் தாலாட்டு, கோயில் திருவிழாவின் நாதஸ்வரம், பின்னர் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் சிரிப்பு என்று ஏதாவது பதிவாகியிருக்கலாம். அதற்கு உலகில் வேறு பிரதி கிடையாது.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டம் நடத்திவருகிறார்கள். அவர்கள் கைகளில் இருப்பவை புகைப்படங்கள். பல குடும்பங்களிடம் ஒரேயொரு புகைப்படம்தான் மிஞ்சியிருக்கிறது. குரல் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படி மிஞ்சிய ஒரு குரலைக் கணினிக்கு மாற்றும்போது இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பிரதியின் அருமை எமக்குப் புதிதல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு இடங்களில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகள் போனது போனதுதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் மிதியைச் சுழற்றி, டயனமோ மின்சாரத்தில் வானொலியும் கசட்டும் கேட்டவர்கள் நாங்கள். அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட ஒலிகளைக் காப்பாற்ற இன்று அரைமணி நேரம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல.

‘கொப்பி’ வேறு, ‘சிங்க்’ வேறு

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

கொப்பி செய்வது என்றால் ஓரிடத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, இன்னோர் இடத்தில் அதேபோல ஒன்றை உண்டாக்குவது. மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

சிங்க் எனப்படும் ஒத்திசைவு வேறு. அது இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி ஆக்கும் வேலை. ஒரு பக்கத்தில் 300 பாடல்களும் மறுபக்கத்தில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால், இரண்டையும் ஒரே மாதிரி ஆக்க இரண்டு வழிகள் உண்டு. இல்லாத பக்கத்தில் 300ஐயும் சேர்க்கலாம். அல்லது இருக்கும் பக்கத்தில் 300ஐயும் அழிக்கலாம். எந்தப் பக்கத்தை எசமானாக வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும். கணினி எசமானாகவும் அதன் பாடல் போல்டர் வெறுமையாகவும் இருந்தால், பிளேயரும் வெறுமையாகும். மென்பொருளைப் பொறுத்தவரை அது பிழை அல்ல. சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

எனவே பழைய பிளேயரிலிருந்து எடுக்கும் முதல் தடவையில் சிங்க் என்ற பேச்சே வேண்டாம். கொப்பி மட்டும். ‘கட்’ செய்து ஒட்டுவதும் வேண்டாம். நடுவில் மின்சாரம் போனாலோ வயர் ஆடினாலோ இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும்.

உங்கள் கருவி எந்த வகை?

முதல் வகை, சாதாரண எம்பி3 பிளேயர். யூஎஸ்பி வயரால் இணைத்ததும் பென்டிரைவ்போலக் கணினியில் தோன்றும். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. எந்தக் கணினியிலும் இணைக்கலாம். எல்லாவற்றையும் தெரிவுசெய்து கணினியில் புதிய போல்டர் ஒன்றுக்குள் கொப்பி செய்யுங்கள். ‘வொய்ஸ்’, ‘ரெக்கோர்ட்’ போன்ற பெயரில் இருக்கும் போல்டரைத் தவறவிடாதீர்கள். குரல் பதிவுகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

இரண்டாவது வகை, அப்பிள் நிறுவனத்தின் ஐபொட். 2001இல் அறிமுகமாகி, 2022இல் நிறுத்தப்பட்ட இந்தக் கருவி ஐடியூன்ஸ் என்ற மென்பொருளோடு பிணைக்கப்பட்டது. ஓர் ஐபொட் ஒரு நேரத்தில் ஒரு கணினியின் ஐடியூன்ஸ் தொகுப்புடன் மட்டுமே ஒத்திசையும். லண்டனில் நிரப்பப்பட்ட ஐபொட்டைப் பரந்தனில் உள்ள கணினியில் இணைத்தால், உள்ளிருப்பதை அழித்துவிட்டு இந்தக் கணினியுடன் ஒத்திசைக்கவா என்று ஐடியூன்ஸ் கேட்கும். ‘ஆம்’ என்றால் எல்லாம் போய்விடும். எப்போதும் ‘கான்சல்’ கொடுங்கள். வின்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தியபடி ஐபொட்டை இணைத்தால், தானாகத் தொடங்கும் ஒத்திசைவு தடுக்கப்படும்.

பல கணினிகளிலிருந்து ஒரே ஐபொட்டுக்குப் பாடல் சேர்க்கவேண்டுமானால், பாடல்களை நாமே கையாள்வதற்கான தெரிவு ஐடியூன்ஸில் உண்டு. ஆனால் அந்தத் தெரிவை மாற்றும்போதும் முன்னர் ஒத்திசைத்தவற்றை அழிக்கவா என்ற கேள்வி வரலாம். ஆகவே உள்ளிருப்பதை வெளியே எடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் போகவேண்டும்.

வெளியே எடுப்பது எப்படி? தொடுதிரை இல்லாத பழைய ஐபொட்டுகளில் பாடல்கள் மறைக்கப்பட்ட ஒரு போல்டருக்குள் இருக்கின்றன. வின்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கினால் ‘ஐபொட் கன்ட்ரோல்’ என்ற போல்டரும், அதற்குள் ‘மியூசிக்’ என்ற போல்டரும் தெரியும். கோப்புகளின் பெயர்கள் நான்கு எழுத்துகளில் பொருளற்றவையாக இருக்கும். பயப்படவேண்டாம். பாடலின் பெயரும் பாடகரின் பெயரும் ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் எழுதப்பட்டிருக்கும். ‘மியூசிக்’ போல்டரை முழுமையாகக் கொப்பி செய்து, எந்தப் பாடல் மென்பொருளில் திறந்தாலும் பெயர்கள் தெரியும். குரல் பதிவுகளுக்கென்று தனிப் போல்டர் இருந்தால் அதையும் எடுங்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மெக் கணினியில் தயார்செய்யப்பட்ட ஐபொட்டை வின்டோஸ் வாசிக்காது. “இந்த டிஸ்க்கைப் பாவிக்க முன்னர் போர்மட் செய்யவேண்டும்” என்ற கருத்தில் ஒரு செய்தி வரும். கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துச் சம்மதித்தால் உள்ளிருப்பது அழிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெக் கணினி இருக்கும் ஒருவரிடம் கொடுப்பதே வழி.

வெளிநாட்டு உறவினர் 2009க்கு முன்னர் அப்பிளிடம் காசு கொடுத்து வாங்கிய பாடல்கள் சில பூட்டப்பட்டவை. வாங்கியவரின் கணக்கால் அனுமதி பெற்ற கணினிகளில், அதிகபட்சம் ஐந்தில், மட்டுமே அவை பாடும். கொப்பி செய்த பாடல் ஒலிக்காவிட்டால் காரணம் அதுவாக இருக்கலாம். சீடியிலிருந்து ஏற்றிய பாடல்களுக்கு இந்தப் பூட்டு இல்லை.

மூன்றாவது வகை, கைத்தொலைபேசி. அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பியால் இணைத்தால் வழக்கமாகச் சார்ஜ் மட்டுமே ஏறும். போனின் திரையில் வரும் அறிவித்தலைத் தொட்டு, கோப்பு மாற்றத்துக்கான தெரிவைக் கொடுக்கவேண்டும். அதன் பிறகுதான் கணினியில் உள்ளடக்கம் தெரியும். பழைய பட்டன் போன் என்றால் மெமரி காட்டைக் கழற்றி, காட் ரீடரில் போடுவது நல்லது. ஆனால் காட்டுக்குள் மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். போனின் சொந்த நினைவகத்திலும் பதிவுகள் இருக்கலாம்.

கடைக் கணினியில் கவனிக்கவேண்டியவை

சொந்தக் கணினி இல்லாதவர்கள் சந்தியில் இருக்கும் கொமினிகேசனுக்கே போவார்கள். நாள் முழுவதும் பலருடைய பென்டிரைவுகள் செருகப்படும் கணினி அது. அங்கிருந்து பரவும் வைரசுகளில் ஒருவகை, உங்கள் போல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் சிறிய ‘ஷோர்ட்கட்’ கோப்புகளை வைக்கும். திறந்தால் பாடல் இருக்காது. எல்லாம் அழிந்துவிட்டதாக நினைத்துப் பலர் போர்மட் செய்துவிடுகிறார்கள். உண்மையில் கோப்புகள் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கிப் பார்த்து, அவற்றைக் கொப்பி செய்தபின் வைரசை நீக்கலாம்.

மெமரி காட்டின் ஓரத்தில் சிறிய பூட்டுத் தள்ளி ஒன்று இருக்கும். மைக்ரோ காட் என்றால் அதைப் போடும் அடப்டரில் இருக்கும். அதைப் பூட்டு நிலையில் வைத்துக்கொண்டு செருகினால், பொதுவாகக் கணினி அந்தக் காட்டில் எதையும் எழுதவோ அழிக்கவோ மாட்டாது. வைரசும் ஏறாது.

இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். உங்கள் பிளேயரில் இருப்பது உங்கள் குடும்பத்தின் சொந்த விடயம். கொப்பி செய்து முடித்ததும் கடைக் கணினியில் தங்கிய பிரதியை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். மறுசுழற்சிப் பெட்டியையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். போர்க்காலப் பாடல்களும் படங்களும் இருக்கும் காட்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். சமூக ஊடகங்களில் எதையோ பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதுசெய்யப்பட்ட நாடு இது. வீட்டில் வைத்திருப்பது ஒன்று, பிறர் கைக்குப் போவது இன்னொன்று.

மூன்று கணினிகளுக்கும் ஒரு தாய்

பல கணினிகள் இருக்கும்போது வரும் பெரிய சிக்கல், எது சரியான தொகுப்பு என்று ஒருவருக்கும் தெரியாமல் போவது. வவுனியாவில் மகள் சில பாடல்களை நீக்குவார். ரொறன்ரோவில் மகன் பெயர்களை மாற்றுவார். பரந்தனில் பிள்ளை புதிதாகச் சேர்ப்பார். ஓராண்டில் மூன்றும் மூன்று விதமாகிவிடும்.

இதற்கு ஒரே வழி, ஒன்றைத் தாய்த் தொகுப்பாக முடிவு செய்வது. அதில் சேர்க்கலாம், நீக்கக்கூடாது என்று குடும்பத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கணினிகளுக்கும் பிளேயருக்கும் பாடல்கள் அதிலிருந்தே போகவேண்டும். மற்றக் கணினியில் புதிய பாடல் வந்தால் அது முதலில் தாய்த் தொகுப்புக்கு வரவேண்டும். பிறகுதான் ஏனையவற்றுக்கு.

இதைக் கையால் செய்யக் கடினமாக இருந்தால், பிரீபைல்சிங்க் போன்ற இலவச மென்பொருள் உதவும். இரண்டு போல்டர்களை ஒப்பிட்டு, எது எங்கே இல்லை என்று அது காட்டும். அதில் மூன்று முறைகள் உண்டு. ஒன்று, இருபக்கமும் ஒத்திசைப்பது. இரண்டு, கண்ணாடிபோல் மறுபக்கத்தை ஆக்குவது. மூன்று, புதியவற்றை மட்டும் சேர்ப்பது. முதல் இரண்டிலும் அழிப்பு நடக்கலாம். பாடல் தொகுப்புக்கு மூன்றாவதே போதும். எதைச் செய்யப் போகிறது என்ற பட்டியலை முதலில் காட்டிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். அந்தப் பட்டியலை வாசிக்காமல் பொத்தானை அழுத்தவேண்டாம்.

திகதியை நம்பவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். பழைய பிளேயர்களில் கடிகாரம் நின்றுபோயிருக்கும். அதில் பதிவான கோப்பு 1980 ஜனவரி 1 என்றுகூடத் திகதி காட்டலாம். அந்தச் சேமிப்பு முறையின் தொடக்கத் திகதி அது. எது புதியதோ அதை வைத்துக்கொள் என்று மென்பொருளிடம் சொன்னால், உண்மையான பதிவைப் பழையது என்று நினைத்து அதன்மேல் வேறொன்றை எழுதிவிடும்.

ரொறன்ரோவுக்கு அனுப்புவதற்கு வட்ஸ்அப் பாவிப்பவர்கள், பதிவைச் சாதாரண ஒலியாக அல்லாமல் ‘டொக்கியுமென்ட்’ என்ற தெரிவினூடாக அனுப்புங்கள். கோப்பு அதன் பெயரோடும் தரத்தோடும் போய்ச் சேரும். தொடர்ந்து அனுப்பவேண்டியிருந்தால், நடுவில் எந்த நிறுவனத்திடமும் சேமிக்காமல் இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் சிங்திங் என்ற இலவச மென்பொருள் உண்டு. டேட்டாச் செலவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண எம்பி3 தரத்தில் நான்கு நிமிடப் பாடல் ஒன்று சுமார் 4 மெகாபைட். 250 பாடல்கள் ஏறத்தாழ 1 கிகாபைட்.

பெயர் தெரியாத பாடல்கள்

கொப்பி செய்தபின் சில பாடல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து வாசிக்கமுடியாமல் இருக்கலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர் எமது மக்கள் அதிகம் பாவித்தது பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டச்சிட்ட பெயர், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் இப்படித்தான் தெரியும். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. பெயரை அதில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும்.

குரல் பதிவுகளுக்குப் பெயர் வைப்பது இன்னும் அவசரமான வேலை. கருவி அவற்றுக்கு வெறும் இலக்கத்தையே கொடுத்திருக்கும். பேசுபவர் யார், எங்கே, எந்த ஆண்டு, பின்னால் கேட்கும் குரல் யாருடையது என்பதை அறிந்தவர் இன்று வீட்டில் இருக்கும்போதே எழுதிவைக்கவேண்டும். அம்மம்மாவுக்கு அருகில் கணினியை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டுங்கள். சில பதிவுகளைக் கேட்பது அவர்களுக்குப் பாரமாக இருக்கலாம். எதை, எப்போது கேட்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

திறக்காத குரல் பதிவுகள்

பழைய போன்களின் குரல் பதிவுகள் பெரும்பாலும் ஏஎம்ஆர் வகை. ஒரு நிமிடம் 100 கிலோபைட்டுக்கும் குறைவு. தொலைபேசிக் குரலின் தரம்தான் இருக்கும். மலிவான பிளேயர்கள் சில ஏசிடி என்ற வகையில் பதிவுசெய்தன. அதைச் சாதாரண மென்பொருள்கள் அடையாளம் காணா. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளால் இரண்டையும் எம்பி3 அல்லது வேவ் வகைக்கு மாற்றலாம். மாற்றியபின் மூலக் கோப்பை அழிக்கவேண்டாம். மாற்றுவதால் குரல் தெளிவாகாது. நாளை வரும் நல்ல தொழில்நுட்பத்துக்கு மூலமே தேவைப்படும்.

கசட் மிஞ்சியிருந்தால், ஓடக்கூடிய ஒரு பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயரை இணைத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவுசெய்யலாம். ஒரு மணி நேரக் கசட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். வேவ் வகையில் சேமித்தால் அது ஏறத்தாழ 600 மெகாபைட் வரும். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிடாதீர்கள். அறுந்துவிடும்.

எங்கே வைப்பது?

கணினிக்கு மாற்றியாயிற்று, இனிப் பிளேயரை எறிந்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கணினியும் ஒருநாள் பழுதாகும். பென்டிரைவும் மெமரி காட்டும் பல ஆண்டுகள் மின்சாரம் காணாமல் கிடந்தால் உள்ளிருப்பதை மெல்ல இழக்கக்கூடியவை. குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. வெள்ளம், தீ, இடப்பெயர்வு ஆகிய மூன்றையும் கண்ட எமக்கு அதன் காரணத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் கணினி இங்கேதான் பெரும் உதவி. ஊர்ப் பாடல், நாட்டார் பாடல், கூத்து, கோயில் நிகழ்வு போன்ற பொதுவான பதிவுகள் இருந்தால், 2005 முதல் ஈழத்து நூல்களை ஆவணப்படுத்திவரும் நூலக நிறுவனத்துடன் பேசலாம். அது ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேகரிக்கிறது. தனிப்பட்ட குரல்களைக் கொடுப்பதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு.

கொப்பி சரியாக வந்ததா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. பிளேயரின் போல்டரிலும் கணினியின் போல்டரிலும் ‘புரொப்பர்டீஸ்’ திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட்டுகளும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் நாலைந்து குரல் பதிவுகளை முழுமையாக ஓடவிட்டுக் கேளுங்கள். அதன் பிறகே பிளேயரை முறைப்படி ‘இஜெக்ட்’ செய்து கழற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் குரல்கள், அடுத்து ஊரில் பதிவுசெய்த பாடல்கள், கடைசியில் சினிமாப் பாடல்கள். பற்றரி ஊதியிருக்கும் கருவியைச் சார்ஜில் போடவேண்டாம். திருத்துநரிடம் கொடுத்து, உள்ளிருப்பதை எடுக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இன்று இயங்கும் பிளேயர் அடுத்த மழைக்காலம் வரை இயங்கும் என்று நம்பிக் காத்திருக்கவேண்டாம். இந்த வார இறுதியில் ஒரு வயரைத் தேடி எடுத்து இணைத்துப் பாருங்கள்.